பட்டியலில் என் பெயர் இல்லை

என் மகள் செத்துப்போக நினைக்கிறாள் என்று அவள் பள்ளிக்கூடத்து கவுன்சலர் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது பொறாமை. பயம் அதற்கு அடுத்துதான் வந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதுவது என்று உட்கார்ந்த பிறகு நல்ல அம்மா வேஷம் கட்டிக்கொண்டு என்ன ஆகப்போகிறது? பெற்றவளிடம் வாயைத் திறக்காத பெண், வாரத்தில் இரண்டு நாள் வந்துபோகிற ஒருத்தியிடம் போய் இதைச் சொல்லியிருக்கிறாளே என்றுதான் வயிறு எரிந்தது.

இப்போது அவள் தேறிவிட்டாள். பள்ளிக்கூடம் போகிறாள், சாப்பிடுகிறாள், என்னோடு சண்டை போடுகிறாள். இதை எழுதட்டுமா என்று அவளைக் கேட்டேன். முழுவதையும் படித்துவிட்டு மூன்று இடத்தில் பேனாவால் அடித்தாள். ஷரோன் என்ற பெயரை அவளே வைத்துக்கொண்டாள். எனக்கு ஸ்டெல்லா என்று வைத்ததும் அவள்தான். எங்கள் தெருவில் எனக்கு ஆகவே ஆகாத ஒருத்தியின் பெயர் அது. வேண்டுமென்றே செய்திருக்கிறாள்.

நாங்கள் கோலார் பக்கம், தங்கச் சுரங்கம் மூடிப்போன ஊரில், ஆண்டர்சன்பேட்டையில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் ஆல்பர்ட் ராபர்ட்சன்பேட்டை ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறார். நான் பெங்களூரில் கே.ஆர்.புரம் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் சட்டைக் காலர் தைக்கிறேன். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினால் வீடு திரும்பும்போது தெருவிளக்கு எரியும். இந்த ஊரில் பாதிப்பேர் பிழைப்பு இப்படித்தான். பத்து வருஷமாக எனக்கு ஒரே பெட்டி, ஒரே ஜன்னல், அதே ஆட்கள். பூண்டு உரிப்பது, கீரை ஆய்வது, கல்யாணப் பேச்சு, மாமியார் சண்டை, கைவைத்தியம் எல்லாம் அந்தப் பெட்டியில்தான். மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு பெங்களூர் வரை போகிற பழக்கம் எங்களில் யாருக்குமே கிடையாது.

ஷரோன் பத்தாம் வகுப்புக்குப் போன வருஷம், காலை பிரேயருக்கு நிற்கும்போது விழுந்துவிட்டாள். மூச்சு முட்டுகிறது, நெஞ்சு அடைக்கிறது, விரல் மரத்துப்போகிறது என்றாளாம். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு டாக்டர் இசிஜி எடுத்தார். நெஞ்சிலும் கை காலிலும் ஒயர் ஒட்டி, இதயம் துடிப்பதைக் காகிதத்தில் கோடாகப் போடுகிற சோதனை அது. நார்மல். இரண்டு வாரத்தில் மறுபடி விழுந்தாள். கோலாருக்குப் போய் எக்கோ எடுத்தோம். வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பார்ப்பார்களே, அதே மாதிரி மெஷினை நெஞ்சில் வைத்து இதயத்தைத் திரையில் பார்ப்பது. அதுவும் நார்மல். தைராய்டு, ரத்த அளவு, எல்லாம் நார்மல்.

"எல்லாம் நார்மல்னா இன்னாத்துக்கு சார் இது விழுந்துகினே கீது?" என்று அந்த டாக்டரிடம் கத்தினேன். சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். அன்று ரிப்போர்ட்டுக்காக மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஷரோன் நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும். தூக்கம் வந்ததும் அவள் ஆல்பர்ட் தோளில் சாய்ந்துகொண்டாள். இந்தப் பக்கமும் ஒரு தோள் இருக்கிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் பள்ளிக்கூடத்திலிருந்து ஆல்பர்டுக்கு போன் வந்தது. இரண்டு பேரும் உடனே வர வேண்டும் என்றார்கள். நான் ஃபேக்டரியிலிருந்து பாதி நாளில் ஓடி வந்தேன். விளையாட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த அறையைச் சுத்தம் செய்து, ஒரு மேசையும் நாலு நாற்காலியும் போட்டு, அதில் அந்த கவுன்சலர் நந்தினி மேடம் உட்கார்ந்திருந்தாள். மைசூர்ப் பெண். இருபத்தாறு வயது இருக்கும். பருத்தி குர்த்தா, காதில் சின்னத் தோடு, பாதி கன்னடம் பாதி தமிழ். ஷரோன் அவள் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். நாங்கள் உள்ளே போனதும் எழுந்து எங்கள் பக்கம் வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை.

"அம்மா, ஷரோன் என்கிட்ட பேசறது நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனா அவ உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் அப்பா அம்மாக்கு சொல்லியே ஆகணும். இத முதல் நாளே அவளுக்கு ஹேளிதீனி, சொல்லிட்டேன்," என்று ஆரம்பித்தாள். பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். கொஞ்ச நாளாக ஷரோனுக்கு உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை. உயிரை விட்டுவிடலாம் என்று அடிக்கடி தோன்றுகிறது. தனியாக விடக்கூடாது, உடனே பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஆல்பர்ட் அழுதுவிட்டார். நான் என்ன கேட்டேன் தெரியுமா?

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்மா?"

"இல்லம்மா."

"அப்போ புள்ள பெத்துப் பாரு. தெரியும்."

ஆல்பர்ட் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவே இல்லை. பெங்களூர் மனநல மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதினாள். அங்கே யாருக்கோ போன் போட்டு மறுநாளைக்கே பார்க்கச் சொன்னாள். இரவு முழுக்க யாராவது கூட இருக்க வேண்டும் என்றாள், வீட்டில் எதையெதைப் பூட்டி வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கோபித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் ரயிலில் என் பெட்டியிலேயேதான் போனோம். பிலோ அக்கா இட்லி கொண்டுவந்திருந்தாள். பிலோமினா என்று பெயர், எனக்கு எதிர் ஜன்னல். அவள் மகள் ஜெனி ஷரோனோடு ஒரே வகுப்பு.

"இன்னா கண்ணு, இப்டி இளச்சிட்ட?" என்று ஷரோனின் கன்னத்தைத் தொட வந்தாள். ஷரோன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பெரியவங்க கேக்கறாங்க இல்ல, பதில் சொல்லு," என்று நான் அதட்டினேன். பெங்களூர் வரும்வரை அவள் திரும்பவே இல்லை.

அந்த மருத்துவமனைக் கூடம் பெரிய ரயில் நிலையம் மாதிரி. பெயரைக் கூப்பிட மதியமாகிவிட்டது. டாக்டர் ஓசூர்க்காரர், நன்றாகத் தமிழ் பேசினார். என் எதிரிலேயே ஷரோனிடம், "சாகணும்னு தோணுதாமா? எத்தன நாளா?" என்று பச்சையாகக் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இப்டிக் கேட்டா இல்லாத நெனப்பும் வந்துடாதா சார்?"

"வராதும்மா. யாரும் கேக்க மாட்டேங்கறாங்களேன்னுதான் இவங்க உள்ளேயே வெச்சுக்கிறாங்க. கேட்டா பாரம் இறங்கும்," என்றார். ஷரோன் அவரிடம் பேசினாள். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள். கதவுக்கு வெளியே உட்கார்ந்து அந்த டாக்டர் மேலும் பொறாமைப்பட்டேன்.

நோய்க்கு மனச்சோர்வு என்று பெயர் சொன்னார். வருத்தம் வேறு, இது வேறு. வருத்தம் நாலு நாளில் போய்விடும். இது வாரக்கணக்கில் உட்கார்ந்துகொண்டு தூக்கம், பசி, படிப்பு எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளும். அவள் விழுந்தாளே, அது பதற்றத் தாக்குதல். ஆபத்து ஒன்றும் இல்லாத நேரத்தில் உடம்பு தானாக அலாரம் அடித்துவிடுகிறது. "ஆபத்துச் சங்கு தப்பா ஊதிடுது, அப்டித்தானே சார்?" என்று ஆல்பர்ட் கேட்டார். சுரங்கத்தில் வேலை பார்த்தவரின் பிள்ளை அவர். டாக்டருக்கு அந்த விளக்கம் பிடித்துவிட்டது.

பதினோரு நாள் வார்டில் இருந்தோம். பிள்ளையோடு வீட்டு ஆள் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பதால் நான் இருந்தேன். ஆஸ்பத்திரி பில் பெரிதாக இல்லை, என் சம்பளம்தான் போனது. மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், உடனே பலன் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள் என்று நர்ஸ் தினமும் சொன்னாள். முதல் மூன்று இரவு நான் கண்ணை மூடவில்லை. அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன். ஆல்பர்ட் ஒருநாள் விட்டு ஒருநாள் ரசம் சோறும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு வருவார். அவள் விரல் நகத்தை வெட்டிவிடுவார், தலை பின்னிவிடுவார். கோணல் மாணலாகப் பின்னுவார். அவள் அவிழ்க்காமல் அப்படியே வைத்திருப்பாள். நான் நேராகப் பின்னினால் வலிக்கிறது என்பாள்.

இரண்டாம் நாள், பிள்ளையைப் பற்றி எல்லாம் எழுதிக்கொள்ள சமூகப் பணியாளர் ஒருவர் வந்தார். இவளுக்கு நெருங்கிய தோழி யார்? பள்ளியில் மதியம் யாரோடு சாப்பிடுகிறாள்? எந்தப் பாடம் பிடிக்காது? கடைசியாக எப்போது வாய்விட்டுச் சிரித்தாள்? நான் முழித்தேன். ஆல்பர்ட் பாதிக்குப் பதில் சொன்னார். மீதிக்கு, "நந்தினி மேடம் கிட்ட போன்ல கேட்டேன்," என்று அந்தச் சமூகப் பணியாளரே பேப்பரைப் புரட்டிப் படித்தார். மதியம் யாரோடும் சாப்பிடுவதில்லையாம், தனியாகக் குழாயடிக்குப் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுவாளாம். என் மகள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்பது அந்த மைசூர்க்காரிக்குத் தெரிந்திருக்கிறது.

பக்கத்துக் கட்டிலில் மாலூரிலிருந்து ஒரு பெண். அது எந்நேரமும் அம்மா மடியில் தலை வைத்துக் கிடக்கும். அந்த அம்மா சும்மா முதுகைத் தட்டிக்கொண்டே இருப்பாள். அவள் மகளுக்கும் நோய்தானே, அவளும் அழுதுகொண்டுதானே இருக்கிறாள், அவள் மேல் ஏன் எனக்கு எரிச்சல்? ஒருநாள் தண்ணீர் கேன் தூக்க உதவி கேட்டாள். இடுப்பு வலி என்று பொய் சொல்லிவிட்டேன். அதற்கு இன்றைக்கும் மனசு குத்துகிறது.

எட்டாம் நாள் டாக்டர் எங்கள் மூவரையும் ஒன்றாக உட்கார வைத்தார். நான் கேட்டே விட்டேன். "ஏன்டி, இத்தினி பேர்கிட்ட சொன்ன. என்கிட்ட ஏன்டி சொல்லல? நான் இன்னா செத்தா போயிட்டேன்?"

ஷரோன் டாக்டரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

"உன்கிட்ட சொன்னா ட்ரெயின்ல எல்லாருக்கும் தெரிஞ்சிடும் மம்மி."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். ஏழாம் வகுப்பில் கொஞ்ச நாள் தூக்கத்தில் படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தாள். ஒரு விடியற்காலையில் நான் டிபன் கட்டும்போது அழுதுகொண்டே என்னிடம் வந்து சொன்னாள். நான் பரவாயில்லடி என்று சொல்லிவிட்டு ரயிலேறினேன். பெட்டியில் என்ன வைத்தியம் செய்யலாம் என்று கேட்டேன். எள்ளுருண்டை கொடு என்றார்கள், கொடுத்தேன், சரியாகிவிட்டது. எனக்கு அது அதோடு முடிந்துபோன கதை. பிலோ அக்கா அதை வீட்டில் சொல்லியிருக்கிறாள். ஜெனி அதை வகுப்பில் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் என் மகளுக்கு "டேங்கர்" என்று பெயர். தண்ணீர் டேங்கர். அவள் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தால் தொட்டுப் பார்ப்பார்களாம். ஒருமுறை தெருவில் யாரோ அப்படிக் கூப்பிட்டது என் காதிலும் விழுந்தது. உடம்பு பூசினாற்போல இருப்பதால் சொல்கிறார்கள் என்று நினைத்து, "சோத்தக் கொறச்சிக்கோ," என்று சொன்னேன்.

"நான் உங்கிட்ட மட்டும்தான் சொன்னேன் மம்மி. டாடிக்குக்கூட அப்போ தெரியாது," என்றாள்.

அப்போதெல்லாம் அவள் எல்லாவற்றையும் முதலில் என்னிடம்தான் சொல்வாளாம். அந்த இடம் என்னுடையதாகத்தான் இருந்திருக்கிறது. யாரும் பிடுங்கவில்லை. நானே கொண்டுபோய் ரயிலில் கொட்டிவிட்டு வந்திருக்கிறேன். அந்த அறையில் நான் அழுத அழுகைக்கு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். இந்த நோய் ஒரே காரணத்தால் வருவதில்லை, உங்கள் மேல் மொத்தப் பழியையும் போட்டுக்கொள்ளாதீர்கள் என்றார் டாக்டர். நல்ல மனுஷர். ஆனால் கொஞ்சமாவது போட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

வீட்டுக்கு அனுப்புமுன் பாதுகாப்புத் திட்டம் என்று ஒரு தாள் எழுத வைத்தார்கள். அந்தக் கெட்ட நினைப்பு வருவதற்கு முன் என்னென்ன அறிகுறி தெரியும், வந்தால் முதலில் என்ன செய்வாள், யாரைக் கூப்பிடுவாள் என்று பிள்ளையே தன் கையால் எழுத வேண்டும். ஷரோன் எழுதினாள். ஒன்று, நந்தினி மேடம். இரண்டு, டாடி. மூன்று, இருபத்துநாலு மணி நேரமும் எடுக்கிற உதவி எண். அதோடு முடித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். தினமும் புடவை எடுக்கும்போது அதைப் பார்ப்பேன். முன்பின் தெரியாத யாரோ எடுக்கப்போகிற ஒரு நம்பருக்கு இடம் இருக்கிறது, எனக்கு இல்லை. பார், நல்லா பார் என்று எனக்கே சொல்லிக்கொள்வேன்.

பள்ளிக்கூடத்தை நான் திட்டத் தயாராகத்தான் போனேன். நந்தினி அதற்குள் ஹெட்மிஸ்ட்ரஸிடம் பேசி வைத்திருந்தாள். நோயைப் பற்றி இரண்டு டீச்சருக்கு மட்டும் தெரியும். வகுப்பில் யார் பெயரையும் சொல்லாமல், பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது ஒரு ஆளை என்ன செய்யும் என்று மூன்று பீரியட் பேசினாளாம். ஜெனி உட்பட நாலைந்து பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறாள். மூச்சு முட்டினால் யாரிடமும் அனுமதி கேட்காமல் அந்த அறைக்கு வந்துவிடலாம் என்று ஷரோனுக்கு ஒரு அட்டை கொடுத்திருந்தாள். நான் பத்து மாசம் சுமந்து, பதினைந்து வருஷம் வளர்த்துச் செய்யாததை அவள் ஒரு அட்டையில் செய்துவிட்டாள். நன்றி சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். பெட்டியில் ஏறியதும் எல்லோரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

"புள்ளைக்கு இன்னாச்சாம் ஸ்டெல்லா? ஆஸ்பத்திரில இன்னா சொன்னாங்க?" என்றாள் பிலோ அக்கா.

"நல்லா கீது அக்கா," என்றேன்.

"அத்த இல்லமா, இன்னா வியாதின்னு..."

"நீ ஜெனிகிட்ட சொன்னியே அக்கா, ஏழாங்கிளாஸ்ல. அதுல வந்தது."

அவள் முகம் செத்துவிட்டது. "ஐயோ, நான் வீட்டுல சும்மா சொன்னேன்டி."

"நானும் சும்மாதான் அக்கா சொன்னேன்."

 அவள் கீரைக்கட்டில் பாதியை என் மடியில் வைத்தாள். ஆய்ந்து கொடுத்தேன். அன்றிலிருந்து பெட்டியில் நான் பேசுவது குறைந்துவிட்டது. சும்மா இல்லை, நாக்கைக் கட்டிவைக்க எவ்வளவு பாடு!

பரீட்சைக்கு முந்தின மாதம், ஒரு காலை. ஆல்பர்ட் என்னை ஸ்டேஷனில் விட்டுவிட்டுப் போனார். ரயில் பங்காரப்பேட்டை தாண்டியபோது என் போன் அடித்தது. ஷரோன். அந்த நேரத்தில் அவள் என்னைக் கூப்பிட்டதே கிடையாது.

"மேடத்துக்குப் பண்ணேன், எடுக்கல. டாடி பூதிகோட்டைக்கு சவாரி போயிருக்காரு, அவரும் எடுக்கல," என்றாள்.  "மம்மி, எனக்கு..." நிறுத்திவிட்டாள். "பக்கத்துல யாரெல்லாம் இருக்காங்க?"

பெட்டியில் அத்தனை பேரும் கையில் இருந்ததை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் இருக்காங்க," என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

"அப்போ வேணாம்."

"ஏய், வெச்சிடாத. ஒரே நிமிஷம். லைன்லயே இரு."

டேக்கல் ஸ்டேஷனில் ரயில் மெதுவானது. பையைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் போனேன். "இன்னா ஸ்டெல்லா, இங்க ஏன் எறங்குற? வேலைக்குப் போகல?" என்று பின்னால் இருந்து குரல் வந்தது. திரும்பவில்லை. இறங்கினேன். ரயில் போய், சத்தம் அடங்கும்வரை போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ட்ரெயின் போயிடுச்சா?"

"போயிடுச்சு. இப்போ சொல்லு. இந்த பிளாட்பாரத்துல நானும் ஒரு நாயும்தான் கீறோம்."

 "அந்த நாய்கிட்டயும் சொல்லி வை மம்மி, யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு," என்றாள். அழுதுகொண்டே சிரிக்கிறாளா, சிரித்துக்கொண்டே அழுகிறாளா என்று தெரியவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஆல்பர்ட் வீட்டுக்கு வந்து சேரும்வரை பேசினாள். நாற்பது நிமிடம் இருக்கும். நான் புத்தி சொல்லவில்லை, வைத்தியம் சொல்லவில்லை, உம் கொட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முடியும்போது, "மேடத்துக்கு நான் போன் பண்ணிச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம். சாயங்காலம் ஸ்கூல்ல பாத்து நானே சொல்லிக்கிறேன்."

அவள் என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத மாட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அது நந்தினி மேடத்துக்கே தெரியாது.